ஒரு கல்லீரல், இரண்டு கேள்விகள்

2002-ஆம் ஆண்டு கோடையில், லண்டனில் 56 வயதான ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. சிகிச்சை வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே அவர் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். 2004 பிப்ரவரியில், குடித்துவிட்டுக் கார் ஓட்டிய குற்றத்துக்காக, 20 மாதங்களுக்கு வாகனம் ஓட்டக் கூடாது என்று நீதிமன்றம் அவருக்குத் தடை விதித்தது. 2005 நவம்பர் 25 அன்று, தமது 59-ஆவது வயதில், அவர் இறந்துபோனார்.

அவர் ஜார்ஜ் பெஸ்ட். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கப்பல் கட்டும் தளத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பதினேழு வயதில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காகக் களமிறங்கி, 22 வயதில் ஐரோப்பாவின் அந்த ஆண்டுக்கான சிறந்த கால்பந்து வீரர் விருதைப் பெற்றவர். 1968 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில், பென்ஃபிகா அணியின் கோல்காப்பாளரையும் ஏய்த்து அவர் அடித்த கோலைப் பழைய பதிவுகளில் இன்றும் பார்க்கலாம். கால்பந்தில் ஆர்வம் இல்லாதவர்களும் ஒருமுறை பார்க்கத்தக்கது அது.

அவர் மீண்டும் குடிக்கிறார் என்ற செய்தி வெளியானபோது பிரிட்டனில் இரண்டு கேள்விகள் எழுந்தன. காத்திருப்போர் பட்டியலில் எத்தனையோ பேர் இருக்க, இவருக்கு ஏன் அந்தக் கல்லீரலைக் கொடுத்தார்கள் என்பது முதற்கேள்வி. குடிநோய் ஒரு நோய் என்றால், நோயாளியை ஏன் குற்றவாளிபோல் நடத்துகிறீர்கள் என்பது அதற்கு எதிராக வந்த கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றைக் கேட்டவர்கள் இரு முகாம்களாகப் பிரிந்து நின்றார்கள். பரிவு கூடினால் பொறுப்பு குறைய வேண்டும், பொறுப்பை வலியுறுத்தினால் பரிவைக் கைவிட வேண்டும் என்று, இரண்டையும் ஒரே தராசின் இரு தட்டுகளாகவே இருதரப்பும் கருதின. அந்தத் தராசே பிழையானது என்பது என் கருத்து. ஏன் என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் பொதுநலப் பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் பெஸ்டின் வழக்கை நான் வகுப்பில் முன்வைப்பதுண்டு. கிடைப்பருமை, வாய்ப்புச் செலவு ஆகிய கருத்துகளை அரிசி, துணி என்ற உதாரணங்களைக் கொண்டு விளக்குவது எளிது. ஆனால் அவற்றின் கூர்மை அப்போது தெரிவதில்லை. ஒரு கல்லீரலை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் இறக்கக்கூடும் என்று சொன்னவுடன் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பெரும்பாலான மாணவர்கள் உடனே தகுதியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். தானே கெடுத்துக்கொண்டவனுக்கு எதற்கு என்பார் ஒருவர். அப்படியானால் புகைபிடித்தவனுக்கு இதயச் சிகிச்சையும் வேண்டாமா என்பார் மற்றொருவர். ஓர் ஆண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "சார், அந்தக் கல்லீரலைத் தந்தவங்க குடும்பத்துக்கு இப்ப எப்படி இருக்கும்?" வகுப்பு சற்று நேரம் அமைதியானது. இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் மூன்றாம் தரப்பு அது.

முதலில் நோய் என்ற பக்கத்தைப் பார்ப்போம். குடிநோயை மருத்துவச் சிகிச்சைக்குரிய நோயாக அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இலேயே ஏற்றுக்கொண்டது. இரட்டையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளின்படி, ஒருவர் குடிநோய்க்கு ஆளாவதற்கான வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபணுக்களால் அமைகிறது. பெஸ்டின் தாயும் குடிநோயாளி. நடுவயதில்தான் குடிக்கத் தொடங்கிய அவர் 1978-இல் தமது ஐம்பதுகளில் இறந்தார். மகன் புகழின் உச்சத்தில் இருந்தபோது, செய்தியாளர்களும் ரசிகர்களும் மொய்த்த வாழ்க்கைக்குத் தயாராக இல்லாத அந்த எளிய குடும்பமும் அதன் விலையைக் கொடுத்தது. தாய்க்கு நேர்ந்ததைக் கண்ட மகன் திருந்தியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. மரபணு அப்படிக் கேள்வி கேட்டுவிட்டு வேலை செய்வதில்லை.

மரபு பாதி என்றால் சூழல் மீதி. சூழலின் வலிமையைக் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. வியத்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களின் தொடக்கத்தில் நடத்தியது அது. போர்க்களத்தில் இருந்தபோது படைவீரர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். நாடு திரும்பியபின் என்ன ஆகுமோ என்று அரசு அஞ்சியது. ஆனால் அவ்வாறு அடிமைப்பட்டிருந்தவர்களில், திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் மட்டுமே. களம் மாறியது, தோழர்கள் மாறினார்கள், மருந்து கிடைக்கும் வழி மாறியது. பெரும்பாலோரின் பழக்கமும் அற்றுப்போனது.

பெஸ்டுக்குத் திரும்பிச் செல்ல வேறொரு நாடு இருக்கவில்லை. அவர் போன இடமெல்லாம் மதுக்கோப்பையை நீட்டும் கைகள் இருந்தன. ஜார்ஜ் பெஸ்டுடன் நானும் குடித்தேன் என்று சொல்லிக்கொள்ள விரும்பிய மனிதர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தார்கள். 1990-இல் பிபிசி தொலைக்காட்சியின் நேர்காணல் ஒன்றில் அவர் நிதானம் இழந்த நிலையில் தோன்றியபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. சம்பாதித்ததில் பெரும்பகுதியை மதுவுக்கும் பெண்களுக்கும் கார்களுக்கும் செலவிட்டு மீதியை வீணடித்துவிட்டதாக அவர் பெயரில் உலவும் வேடிக்கையைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. நானும் சிரித்திருக்கிறேன், நல்ல நகைச்சுவைதான். ஆனால் அது கேட்பவர்களை மகிழ்விக்கும் ஒரு சரக்கு. அதை அவர் விற்றுக்கொண்டிருந்தவரையில், குடிக்காத ஜார்ஜ் பெஸ்டுக்குச் சந்தையில் விலை குறைவு என்பதையும் நாம் பார்க்க வேண்டும். மக்கள் தம்மீது காட்டிய இந்தக் கொண்டாட்டத்தை அவரும் அன்பு என்றே எடுத்துக்கொண்டிருக்கலாம். பரிவு என்ற சொல்லுக்கு அதோடு தொடர்பில்லை.

இங்கே தொழில்முறை விளையாட்டின் தனித்தன்மை ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரணத் தொழிலாளி குடித்துவிட்டு வேலைக்கு வந்தால் இரண்டொரு முறை எச்சரிப்பார்கள். பிறகு வேலை போய்விடும். அபூர்வத் திறமை உள்ள வீரருக்கு மாற்று ஆள் கிடையாது. பொருளியலில் இதற்கு வாரம் என்று பெயர். பதிலி இல்லாத வளத்துக்குக் கிடைக்கும் மிகை வருவாய் அது. வீரர் அந்த மிகையைச் சம்பளமாக மட்டும் பெறுவதில்லை, மன்னிப்பாகவும் பெறுகிறார்.

1970 ஜனவரியில் நடுவரின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டதற்காக பெஸ்டுக்கு நான்கு வாரத் தடை விதிக்கப்பட்டது. தடை முடிந்து பிப்ரவரியில் நார்தாம்ப்டன் அணிக்கு எதிராகக் களமிறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட் 8-2 என்று வென்றது. எட்டில் ஆறு கோல்கள் அவருடையவை. தண்டனை கற்றுத்தர நினைத்த பாடத்தை அந்த ஆறு கோல்கள் ஒரே பிற்பகலில் அழித்துவிட்டன. மறு ஆண்டு செல்சீ அணிக்கு எதிரான ஆட்டத்துக்குப் போக வேண்டிய ரயிலைத் தவறவிட்டு, ஆட்டத்துக்கே வராமல் இருந்தார். இரண்டு வாரம் விலக்கி வைத்தார்கள், மீண்டும் அழைத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் மேட் பஸ்பி அவரிடம் காட்டியது தந்தையின் கனிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தக் கனிவும் கோல் கணக்கும் ஒரே திசையில் இழுத்ததால், எது எதற்காக என்று பிரித்தறிய அவருக்கே இயன்றிருக்குமா என்று தெரியவில்லை. 1974 ஜனவரியில், 27 வயதில், பெஸ்ட் அந்த அணிக்காகத் தமது கடைசி ஆட்டத்தை ஆடினார்.

இத்தனையும் சொன்னபின், அவருடைய பொறுப்பு எங்கே இருக்கிறது?

போதைப் பழக்கத்தைப் பற்றிப் பொருளியல் பேசத் துணிந்தது சற்றுத் தாமதமாகத்தான். 1988-இல் கேரி பெக்கரும் கெவின் மர்ஃபியும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். அடிமைப்பட்டவரும் எதிர்கால விளைவுகளைக் கணக்கிட்டே முடிவெடுக்கிறார் என்பது அதன் சாரம். நாளை விலை ஏறும் என்று தெரிந்தால் இன்றே அவர் குறைத்துக்கொள்ளத் தொடங்குவார் என்று அக்கோட்பாடு எதிர்பார்க்கிறது. சிகரெட் நுகர்வு பற்றிய தரவுகள் ஓரளவு அதற்கு ஒத்தும் வந்தன. கணிதம் அழகானது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் குடிநோயாளியிடம் போய், நீ கணக்கிட்டுத்தானே குடித்தாய் என்று கேட்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை. அந்தக் கோட்பாட்டில் மனிதருக்கு மனம்வருந்துதல் என்பதே இல்லை. திட்டமிட்டபடி நடப்பதற்கு எதற்காக வருந்துவது?

எனக்கு அதைவிட நெருக்கமானவர் தாமஸ் ஷெல்லிங். அணு ஆயுதப் போட்டியின் தந்திரங்களை ஆராய்ந்த அறிஞர் அவர்; தாம் விட முயன்று போராடிய சிகரெட் பழக்கத்தைப் பற்றியும் எழுதியவர். ஒரே மனிதருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றார் அவர். ஒருவர் காலையில் எழுந்து, இனித் தொடமாட்டேன் என்று உறுதியெடுப்பவர். மற்றவர் மாலையில் வந்து அதை முறிப்பவர். காலையில் இருப்பவர் மாலையில் வருபவருடைய கையைக் கட்டிவைக்க என்னென்ன உத்திகளைக் கையாளலாம் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். ஷெல்லிங்குக்குப் பொருளியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது 2005 அக்டோபரில். அதே மாதத்தில்தான் பெஸ்ட் கடைசி முறையாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

கையைக் கட்டிக்கொள்ளும் முயற்சியை பெஸ்ட் செய்யாமல் இல்லை. ஆன்டபியூஸ் என்ற மருந்து உண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால், மது முழுமையாகச் செரிக்காமல் இடைவழியில் நச்சாகத் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையாக எடுத்தால் மாலைக்காரர் அதை நிறுத்திவிடுவார் என்பதால், வயிற்றுத் தோலுக்கடியில் பதித்துவைக்கும் முறையும் வந்தது. பெஸ்ட் அதைச் செய்துகொண்டார். தன் எதிரி தனக்குள்ளேயே இருக்கிறான் என்று அறிந்து, அவனுக்கு எதிராகத் தன் உடம்பிலேயே பொறி வைத்த மனிதரை மனவுறுதி இல்லாதவர் என்று ஏசுவது நேர்மையாகாது. ஆனால் பொறியின் வீரியம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அதன்பின் மறுபடியும் பதிக்க வேண்டும் என்ற முடிவைக் காலையில் இருப்பவர்தான் எடுத்தாக வேண்டும்.

பொறுப்பு என்று நான் சொல்வது இந்தக் காலைநேரத்துக்கு உரியது. கோப்பை கையில் வந்துவிட்ட பிறகு நடப்பவற்றுக்குக் குடிநோயாளியிடம் எவ்வளவு கட்டுப்பாடு எஞ்சியிருக்கும் என்பதை மருத்துவர்கள் விவாதிக்கட்டும். நிதானமாக இருக்கும் வேளையில் அவர் தமக்குத் தாமே என்ன ஏற்பாடு செய்துகொள்கிறார் என்பதைப் பற்றி நாம் பேசலாம். 1973-இல், குடி தம் ஆட்டத்தைத் தின்றுகொண்டிருந்தபோது, பெஸ்ட் மான்செஸ்டரில் ஓர் இரவு விடுதியைத் திறந்தார். பிறகு அமெரிக்காவில் ஆடப் போனபோது கலிஃபோர்னியக் கடற்கரையில் ஒரு மதுக்கூடம் வைத்தார். இவை போதையில் கைநீட்டிய செயல்கள் அல்ல. ஒப்பந்தம் எழுதி, முதல் போட்டு, கூட்டாளிகளோடு அமர்ந்து எடுத்த முடிவுகள். 2003-இல் அவர் மீண்டும் குடித்த அந்த முதல் கோப்பையைக் காட்டிலும் இந்த முடிவுகளே அவருடைய பொறுப்பில் கனமானவை என்பேன். ஊடகங்களோ முன்னதைத்தான் தலைப்புச் செய்தியாக்கின.

கார் ஓட்டிய விஷயம் வேறு. 1984-இல் குடித்து வாகனம் ஓட்டியதற்கும் காவலரைத் தாக்கியதற்கும் சேர்த்து அவருக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அவருக்குச் சிறையில் கழிந்தது. இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே குற்றம். இதில் நோய் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. குடிக்காமல் இருப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்கலாம். குடிக்கப் போகும்முன் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது அவ்வளவு கடினமில்லை, வாடகைக் கார் கிடைக்கும் லண்டனில், கேட்டால் ஓட்டிச் செல்ல ஆயிரம் பேர் முன்வரும் நிலையில் இருந்தவருக்கு. சாலையில் எதிரே வருபவர் அவருடைய நோயின் சுமையை ஏற்க ஒப்புக்கொண்டவரில்லை. இங்கே புகழ்பெற்றவர் என்பதற்காகத் தண்டனையைக் குறைப்பது அந்த எதிர்வரும் மனிதரின் உயிரைத் தள்ளுபடி விலையில் விற்பதாகும்.

ஆனால் தண்டனை மட்டுமே ஒருவரை மீட்குமா என்றால், இல்லை. ஆர்சனல் அணியின் தலைவராக இருந்த டோனி ஆடம்ஸ் 1990-இல் குடிபோதையில் காரைச் சுவரில் மோதினார். நான்கு மாதத் தண்டனை பெற்று, அதில் ஏறத்தாழ பாதியைச் சிறையில் கழித்தார். வெளியே வந்ததும் அணித்தலைவர் பதவி அவருக்காகக் காத்திருந்தது. கோப்பைகளும் வந்தன. அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் குடித்துக்கொண்டேதான் இருந்தார். 1996 ஆகஸ்டில் குடியை நிறுத்தினார். செப்டம்பரில், தாம் ஒரு குடிநோயாளி என்று அணியினரிடமும் பொதுவெளியிலும் அறிவித்தார். 1998-இலும் 2002-இலும் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்ற ஆர்சனல் அணிக்கு அவர்தான் தலைவர். சிறை செய்யாததை எது செய்தது என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாது. சுயஉதவிக் குழுக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்வதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார் என்பது தெரியும். அணியில் ஒருவர் முன்பே அந்த வழியைத் திறந்திருந்தார். பால் மெர்சன் 1994-இல் மது, கோகைன், சூதாட்டம் மூன்றுக்கும் அடிமை என்று ஒப்புக்கொண்டபோது, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அவரை விளையாட்டிலிருந்து துரத்தாமல், மறுவாழ்வுச் சிகிச்சையை நிபந்தனையாக்கி, சில மாதங்களில் மீண்டும் ஆட அனுமதித்தது. மெர்சன் பிற்காலத்தில் பலமுறை வழுக்கி விழுந்தார். அவரே அதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மீட்சிக்கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் மேடும் பள்ளமுமாக இருக்கின்றன.

நிபந்தனை என்ற சொல்லை வலிந்தே பயன்படுத்துகிறேன். நிபந்தனையோடு வரும் உதவி கருணையாகுமா என்று சிலர் தயங்குவார்கள். அமெரிக்காவில் போதைக்கு அடிமையான மருத்துவர்களுக்கென்று மாநில அளவில் திட்டங்கள் இயங்குகின்றன. முதலில் சிகிச்சை, பின்னர் ஐந்தாண்டுக் கண்காணிப்பு, எந்த நாளில் என்று முன்கூட்டித் தெரியாத சிறுநீர்ப் பரிசோதனை. அகப்பட்டால் உடனே பணியிலிருந்து விலக்கிச் சிகிச்சையைத் தீவிரப்படுத்துவார்கள். ஒழுங்காக இருந்தால் தொழில் செய்யும் உரிமம் காப்பாற்றப்படும். 16 மாநிலங்களில் 904 மருத்துவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2008-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அந்த ஐந்தாண்டுகளில் ஒரு பரிசோதனையிலும் அகப்படவில்லை. மருத்துவர்கள் படித்தவர்கள், இழப்பதற்கு நிறைய உள்ளவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்லலாம், அது உண்மையும்கூட. தொழில்முறை வீரருக்கும் இழப்பதற்கு நிறைய உண்டு அல்லவா? பெஸ்டுக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அவருக்கான விளைவுகள் எப்போதாவது வந்தன, தாமதமாக வந்தன, வந்தபோது ஆறு கோல்களால் அழிந்தன. மருத்துவருக்கான விளைவு உறுதியானது, உடனடியானது, அளவானது. அதோடு, விழுந்தாலும் கைவிட்டுவிடாத ஓர் அமைப்பு பின்னால் நிற்கிறது.

இனிக் கல்லீரலுக்கு வருவோம். பெஸ்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1995 ஜூன் மாதம், அமெரிக்கப் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலுக்கும் மாற்றுக் கல்லீரல் பொருத்தினார்கள். நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக 536 ஹோம்ரன் அடித்தவர் அவர். பட்டியலில் சேர்ந்த ஓரிரு நாள்களிலேயே அவருக்கு உறுப்புக் கிடைத்ததால், புகழுக்காக வரிசை மாற்றப்பட்டதோ என்ற சந்தேகம் நாடெங்கும் எழுந்தது. நோயின் தீவிரத்தால்தான் அவர் முன்னே வந்தார் என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். பல்லாண்டுக் குடி அவருடைய கல்லீரலை அரித்திருந்தது. ஹெபடைட்டிஸ் சி தொற்றும் புற்றும் அதனுடன் சேர்ந்திருந்தன. ஆனால் அவர் அதற்கு ஓராண்டுக்கு முன்பே மறுவாழ்வு மையத்தில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். ஜூலையில் செய்தியாளர்களைச் சந்தித்து, தம்மைப்போல் ஆகிவிடாதீர்கள் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 13 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. பெஸ்டும் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன், மஞ்சள் பாரித்த தம் உருவத்தைப் படமெடுத்துச் செய்தித்தாளில் வெளியிடச் சொல்லி, தம்மைப்போல் சாகாதீர்கள் என்று எச்சரித்தார். கடலுக்கு இருபுறமும் இரு நாயகர்கள், ஒரே வேண்டுகோள்.

இருவரில் யாருக்குக் கொடுத்தது சரி? இங்கேதான் தகுதி என்ற வழியில் போனால் முட்டிக்கொள்வோம். மேன்டில் குடியை விட்டிருந்தும் இரண்டு மாதங்களில் இறந்தார். பெஸ்ட் மீண்டும் குடித்தும் மூன்றாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நல்லவருக்குப் பரிசாகவோ தவறியவருக்குத் தண்டனையாகவோ உறுப்பைப் பங்கிட முடியாது; மருத்துவர் நீதிபதி ஆகவும் கூடாது. ஒரு காலத்தில், குடியை விட்டு ஆறு மாதம் ஆனால்தான் மாற்றுக் கல்லீரல் என்ற விதி பல மையங்களில் இருந்தது. கல்லீரல் தானே தேறிவிட வாய்ப்புத் தருவதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்றாலும், நடைமுறையில் அது ஒரு தவக்காலம் போலவும் இயங்கியது. கடுமையான கல்லீரல் அழற்சி உள்ள சிலருக்கு ஆறு மாதம் காத்திருக்கும் வாழ்நாளே இருப்பதில்லை. பிரான்ஸ், பெல்ஜியம் மையங்களில் 26 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, காத்திருக்க வைக்காமலே உறுப்பு மாற்றிப் பார்த்தார்கள். முடிவுகள் 2011-இல் வெளியாயின. ஆறு மாதத்தின் முடிவில் அவர்களில் 77 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். மாற்று உறுப்புப் பெறாத ஒத்த நிலை நோயாளிகளில் பிழைத்தவர்கள் 23 விழுக்காடு. பெற்ற 26 பேரில் மூவர் பின்னர் மீண்டும் குடித்தார்கள்.

அந்த 26 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என் கவனத்தை ஈர்க்கிறது. எவ்வளவு குடித்தாய் என்பதைவிட, இனி உன்னோடு யார் இருக்கிறார்கள் என்பதையே முக்கியமாகப் பார்த்தார்கள். ஆதரவான குடும்பம் இருக்கிறதா, வேறு கடும் மனநோய் இருக்கிறதா, குடியைக் கைவிடுவேன் என்ற உறுதி வாழ்க்கை ஏற்பாடுகளில் தெரிகிறதா என்று ஆராய்ந்தார்கள். பரிவு கடந்த காலத்தைப் பார்க்கிறது: இந்த மனிதர் இங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்கிறது. அதற்கு மரபணுவும் தாயும் மதுக்கூட நண்பர்களும் மேட் பஸ்பியும் பதில் சொல்வார்கள். பொறுப்பு வரும் காலத்தைப் பார்க்கிறது: நாளைக் காலை நீ என்ன ஏற்பாடு செய்யப்போகிறாய் என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளும் வெவ்வேறு காலங்களைப் பற்றியவை என்பதால், ஒன்றின் பதிலிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டியதில்லை. பெஸ்டிடம் முழுப் பரிவும் காட்டலாம். அடுத்த நாள் காலை பற்றி முழுக் கண்டிப்போடும் இருக்கலாம். கல்லீரல் தந்த குடும்பத்தின் எதிர்பார்ப்பும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இடம்பெறுகிறது.

நடைமுறையில் இதை யார் செய்வது? கழகங்கள் செய்யும் என்று நான் நம்பவில்லை. கெட்ட எண்ணம் காரணமில்லை, கணக்குதான் காரணம். மருத்துவர்களின் அனுபவம் ஐந்தாண்டுக் கண்காணிப்பைக் கோருகிறது. வீரரின் ஒப்பந்தமோ பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிகிறது. அதற்குள் அவர் வேறு அணிக்கு விற்கப்படவும் கூடும். மீட்சியின் பலன் வேறொருவருக்குப் போய்ச் சேருமானால் அதில் முதலீடு செய்ய முதலாளிக்குத் தூண்டுதல் குறைவு. சனிக்கிழமை ஆட்டத்தில் வீரர் தேவைப்படும்போது வெள்ளிக்கிழமைப் பரிசோதனையைத் தள்ளிவைக்கும் தூண்டுதலோ அதிகம்.

ஆகவே கழகத்துக்கு வெளியே, லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து நடத்தும் ஏற்பாடே பயன்தரும். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமும் அதன் வீரர்கள் சங்கமும் 1983-இல் அப்படியொரு உடன்பாட்டுக்கு வந்தன. தானே முன்வந்து உதவி கேட்கும் வீரருக்கு முதன்முறை சம்பளத்தோடு சிகிச்சை. இரண்டாம் முறை சம்பளமின்றிச் சிகிச்சை. மூன்றாம் முறை தடை. முன்வராமல் பரிசோதனையில் அகப்பட்டவருக்கும் தடைதான். ஆனால் தடை விதிக்கப்பட்டவர் இரண்டாண்டுகளுக்குப் பின் திரும்பி வர விண்ணப்பிக்கலாம். 1986-இல் மைக்கேல் ரே ரிச்சர்ட்சன் என்ற நட்சத்திர வீரர் இந்த விதியின்படி வெளியேற்றப்பட்டார். இரண்டாண்டு கழிந்ததும் அவருடைய தடை நீக்கப்பட்டது. அவர் ஐரோப்பாவுக்குச் சென்று நாற்பது வயதைக் கடந்தும் ஆடினார். அந்த விதியில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. கோகைனையும் ஹெராயினையும் குறிவைத்த அது மதுவைத் தொடவில்லை. ஆனால் உதவி கேட்பதற்கு விலை குறைவு, மறைப்பதற்கு விலை அதிகம் என்ற அதன் அமைப்பு சரியானது. எத்தனை கோல் அடித்தாலும் அந்த விலைப்பட்டியல் மாறாது என்பதே அதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

இங்கிலாந்தில் டோனி ஆடம்ஸ் 2000-ஆம் ஆண்டில் ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற மறுவாழ்வு மையத்தை விளையாட்டு வீரர்களுக்கென்றே தொடங்கினார். தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தின் ஆதரவு அதற்கு இருக்கிறது. வீரர் எந்த அணிக்கு மாறினாலும், ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும், அதன் கதவைத் தட்டலாம். மான்செஸ்டரை விட்டு வெளியேறிய 27 வயது இளைஞருக்குத் தட்டுவதற்கு அப்படியொரு கதவு இருக்கவில்லை.